நாற்பத்திரண்டாம் அத்தியாயம்

இந்த ஐம்பத்தைந்து வயதுக்குள் ஒரு புத்தகத்தின் பக்க மூலையைக்கூட நான் மடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு போடி பஜாரில் ஜெபஷீலா என்ற என் பெயரை வைத்து என்னென்னவோ பேசுவார்கள். அடையாளத்துக்குப் பழைய துணி நாடாதான் வைப்பேன். ஜவுளிக்கடைக்காரர் மகள், நாடாவுக்கா பஞ்சம்.

மகிமா மேடம், உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். ஆனால் நான் முக்கால் மணி நேரம் சொன்னதை நாலு வரியில் எழுதி முடித்துவிட்டார். சுருக்கிப் படிப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது. அதனால்தான் பேப்பர் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். இன்று எனக்கு இருக்கும் சந்தோஷத்தில் ஒரு ரீம் பேப்பர் கொடுத்தாலும் எழுதித் தீர்த்துவிடுவேன்.

எங்கள் வீட்டில் புத்தகத்தை இரண்டு கையாலும்தான் வாங்க வேண்டும். ஒற்றைக் கையை நீட்டினால் அப்பா கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வார். வேதப் புத்தகத்துக்காகத் தொடங்கிய பழக்கம், பிறகு டெலிபோன் டைரக்டரிவரைக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு வேறு ஒரு பழக்கம். வார இதழில் வரும் தொடர்கதையைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து வைப்பாள். கதை முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, கடையில் மிஞ்சிய ரவிக்கைத் துணியில் அட்டை போட்டு பைண்டிங் பண்ணிவிடுவாள். எங்கள் வீட்டில் அப்படி முப்பது நாற்பது இருந்தன. அதில் ஒன்றுதான் 'பதினெட்டாம் வளைவு'.

எண்பத்தைந்தில் வந்த தொடர். எழுதியவர் ஏதோ புனைபெயரில் எழுதினார், ஆள் யாரென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போடிமெட்டு மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையோரத்தில் லீலாவதி என்று ஒரு பெண். புருஷன் லாரி ஓட்டப் போனவன் திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய்க் காத்திருப்பாள். சாலையில் இருப்பது பதினேழு வளைவு, என் வீட்டு வாசலுக்குத் திரும்புவது பதினெட்டாவது என்பாள். நாற்பத்தொரு வாரம் நானும் அவளோடு காத்திருந்தேன். வியாழக்கிழமை இதழ் வரும் என்றால் புதன்கிழமை எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாற்பத்திரண்டாவது வாரம் கதை முடிகிறது. அந்த வாரம் போடிக்கு வந்த பார்சல் மழையில் நனைந்து கூழாகிவிட்டது என்று ஏஜென்ட் கையை விரித்துவிட்டார். கம்பத்துக்குப் போன பார்சல் நனையவில்லை. அது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் அந்தப் பத்திரிகையே நின்றுபோனது.

பதினைந்து நாள் பொறுத்தேன். பதினாறாம் நாள் கோடு போட்ட நோட்டை எடுத்து நானே முடித்தேன். பதினோரு பக்கம். மழை, இடி, புருஷன் திரும்பி வருகிறான், கண் பார்வை போயிருக்கிறது. லீலாவதி ஒன்றரைப் பக்கம் நிறுத்தாமல் பேசுகிறாள், அவனை மன்னிக்கிறாள், அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். எழுதும்போது நான் அழுத அழுகையில் மை கலைந்து மூன்று பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அம்மா ஊசி நூலை எடுத்தாள். அந்தப் பதினோரு பக்கத்தையும் மற்ற நாற்பத்தொரு அத்தியாயத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். பச்சை ரவிக்கைத் துணி. அன்றிலிருந்து கதை முழுதாகிவிட்டது.

நாற்பது வருடத்தில் அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் என் முறை வந்தபோது வேறு எந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவேன், சொல்லுங்கள்.

வட்டம் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. போடியில் ஒரு ஏலக்காய் குடோனின் மாடியில், மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூடுவோம். வாசனையிலேயே பாதி ஆளுக்குக் கிறக்கம் வந்துவிடும். பதினாலு பேர். நீங்கள் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். தையல்கடை பவுனு, சிரித்தாலும் அழுதாலும் கீழே மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கேட்கும். ஓவியா, பெரியகுளத்தில் தோட்டக்கலை படிக்கிற பெண். சசிதரன் சார், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், கம்பத்திலிருந்து பஸ் ஏறி வருவார். வட்டத்துக்கு இரண்டு விதிகள். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். இது நான் கொண்டுவந்தது. புத்தகத்தைக் கொண்டுவருகிறவரே கடைசி அத்தியாயத்தைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இது சசிதரன் சார் கொண்டுவந்தது. முடிவை எல்லோரும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பார்.

போன ஆகஸ்டில் என் முறை. நாற்பத்தொரு அத்தியாயத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தின் தாள் நைந்துபோயிருக்கிறது, மிஷினில் வைத்தால் உதிர்ந்துவிடும், அதனால் வந்து படிக்கிறேன் என்றேன். அது பொய்தான். மடியில் பைண்டிங்கை வைத்துப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது அச்சா கையெழுத்தா என்று தெரிய வழியில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேடம், அந்த அரை மணி நேரத்தை எப்படிச் சொல்வேன். லீலாவதி பேசத் தொடங்கினதும் பவுனு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். ஓவியா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள், அதுவே ஒரு அதிசயம். முடித்து நிமிர்ந்தேன். பிறகு பவுனு எழுந்து வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, அந்தக் கடைசியப் படிச்சுக் கொல்லாமக் கொன்னுட்டீகளே. எழுதுனவுக கை எங்கன இருந்தாலும் அதுல ஒரு தங்க வளையல் போடணும்க்கா."

என் கை அவள் கண் முன்னால்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. பஜாரில் ஒரு தெருநாயிடம் வணக்கம் சொன்னதாக ஞாபகம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண் இவ்வளவு சந்தோஷப்பட்டால் உடம்புக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து, போய் ஒரு டம்ளர் மோர் குடித்தேன்.

பத்து நாள் கழித்து சசிதரன் சார் போன் செய்தார்.

"ஷீலாம்மா, ஒரு சந்தோஷ சமாச்சாரம். தாளு நைஞ்சுபோச்சுன்னு சொன்னீகல்ல? அந்த இதழு எங்க வீட்டுப் பரண்ல கெடக்கும்னு நெனைக்கேன். எங்க அக்கா வாங்குனது. அவுக ஒண்ணையும் தூரப் போட மாட்டாக."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். அவரே தொடர்ந்தார்.

"எனக்கு என்னமோ முடிவு வேற மாதிரி ஞாபகம். வயசாச்சு, ரெண்டு கதைய ஒண்ணாக் கொழப்பிக்கிட்டேனோ என்னமோ. எடுத்துப் பாத்துருவோம். அடுத்த கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால உங்களுக்குக் குடுக்கேன். உங்க பைண்டிங்ல வச்சுத் தச்சுருங்க."

இதுதான் சசிதரன் சார். அவருக்கு என்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. வட்டத்தின் வாட்ஸப்பிலும் போட்டுவிட்டார்: நாளைக்குப் பரணில் ஒரு புதையல் எடுக்கப்போகிறேன், விவரம் அடுத்த கூட்டத்தில். பன்னிரண்டு பேர் கைதட்டுகிற படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். சின்னமனூரில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கம்பம் போனேன். கெட்ட எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஜன்னலோர இடம், வழியெல்லாம் திராட்சைப் பந்தல், நல்ல காற்று. கொஞ்சம் பாடினேன்கூட.

அவர் வீட்டில் தனியாக இருக்கிறவர். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "மோளு எர்ணாகுளத்துலேருந்து ஏணில ஏறாதீக, ஏறாதீகன்னு போன்ல வைவா. நல்லவேளை நீங்க வந்தீக, கொஞ்சம் ஏணியப் பிடிங்க" என்றார். மலையாளக்காரியைக் கட்டியவர், மகளை மோளு என்றுதான் சொல்வார்.

பிடித்தேன். மூங்கில் ஏணி. சமையலறைக்கு மேலே பரண், கீழே சுவரோரம் பழைய ஆட்டுக்கல். எழுபத்தொரு வயதில் மனிதர் பூனை மாதிரி ஏறினார். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, தும்மி, இன்னும் ஒரு தடவை தும்மி, "கெடச்சிருச்சு ஷீலாம்மா" என்றார். இரண்டு படி இறங்கி நின்று, அங்கேயே இதழைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தார். எனக்கு அவர் முகம் கீழிருந்து தெரிந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.

"இந்தாங்க, பிடிங்க" என்று குனிந்து நீட்டினார்.

மேடம், நீங்கள் இந்த இடத்தில் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் தள்ளினேனா. இல்லை. ஏணியை ஆட்டினேனா. இல்லை. இதழை வாங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன்.

பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வட்டத்தில் எல்லோரும் சாட்சி சொல்வார்கள். ஆனால் ஒப்புதல் என்று வந்த பிறகு மறைப்பது அழகில்லை. ஏணியின் கால் வழவழப்பான தரையில் நிற்கிறது என்பதும், நான் கையை எடுத்தால் அது நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். கையை எடுப்பதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் அதை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

அவர் ஆட்டுக்கல்லின்மேல் விழுந்தார். பின்மண்டையும் இடுப்பும். இதழ் கசங்கவில்லை, அதற்குள் என் கைக்கு வந்துவிட்டது.

நினைவோடுதான் இருந்தார். எழ முடியவில்லை. "ஷீலாம்மா, 108-க்கு ஒரு போனப் போடுங்க" என்றார். "போடுறேன் சார்" என்றேன். போன் என் பையில்தான் இருந்தது. ஆனால் இதழ் கையில் இருக்கிறது, மேடம். நாற்பது வருடம். ஒரு அத்தியாயம்தானே, படித்துவிட்டுச் செய்யலாம் என்று தோன்றியது. அவர் பக்கத்திலேயே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முடிவை எல்லோரும் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பது அவர் விதி. அதனால் வாய்விட்டே படித்தேன்.

ஒன்றேகால் பக்கம். ஏமாற்றம் என்றால் அப்படி ஒரு ஏமாற்றம். மழை இல்லை, இடி இல்லை. லீலாவதி வழக்கம்போலக் கேரியரோடு போகிறாள். பஸ் வருகிறது, அவன் இறங்கவில்லை. பஸ் போன பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, கேரியரைத் திறந்து, அந்தச் சோற்றை அவளே சாப்பிடுகிறாள். சோறு இன்னும் சூடாக இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரில் கேரியரைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். முற்றும். இதற்காகவா நாற்பத்தொரு வாரம் அந்தப் பெண் நின்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். சசிதரன் சார் சிரித்தார். காதோரம் ரத்தம் வந்துகொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

"நல்லா இருக்குல்ல, ஷீலாம்மா" என்றார்.

தலையில் அடிபட்டவர் சொல்லும் அபிப்பிராயத்தை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் என் மனசு கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் எப்படி ஒரு முடிவுக்கு வரலாம். என் முடிவை அவர் ஒரே தடவைதான் கேட்டிருக்கிறார், அதுவும் ஜன்னலோரம் உட்கார்ந்து, லாரி சத்தத்தில். எனக்கு அது மனப்பாடம். பதினோரு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். இடையில் இரண்டு தடவை "போன்" என்றார். "இதோ, லீலாவதி பேசப்போறா சார்" என்றேன். அன்று நான் சொன்ன மாதிரி என் வாழ்நாளில் சொன்னதில்லை. அந்தச் சமையலறையில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவள் உயிர் விடும் இடத்துக்கு வந்து, "இப்ப சொல்லுங்க சார், எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன். அவர் எப்போது போனார் என்பதை நான் கவனிக்கவில்லை. ஒன்றரைப் பக்கப் பேச்சை முழுதாகக் கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

இதழைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாழைப்பழத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன், கொடுக்கக் கொண்டுபோனதைத் திருப்பி எடுத்துவருவது மரியாதை இல்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். வயசான காலத்தில் தனியாகப் பரணில் ஏறினார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் மகள் வந்து அழுதபோது நானும் அழுதேன். நடிக்கவில்லை, மேடம். அவர் நல்ல வாசகர். நல்ல வாசகர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் வட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவர் நினைவாக ஒரு புத்தகம் அச்சடிப்பது என்று முடிவானது. எந்தப் புத்தகம். அவர் கடைசியாகக் கேட்ட கதை. நான்தான் நாற்பத்திரண்டு அத்தியாயத்தையும் டைப் அடித்துக் கொடுத்தேன். போன மாதம் தேனியில் வெளியீடு. அட்டையில் அந்தப் புனைபெயர். உள்ளே முதல் பக்கத்தில், சசிதரன் அவர்களின் நினைவுக்கு.

கையில் வாங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. நான் எழுதியது அச்சில். முகர்ந்து பார்த்தேன், நக்கிப் பார்க்காததுதான் பாக்கி. மேடையில் ஓவியா பேசினாள். முதல் நாற்பத்தொரு அத்தியாயம் சாதாரணம், ஆனால் கடைசி அத்தியாயம் வேறொரு உயரம் என்றாள். இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இதை எழுதிய மகானின் காலில் விழலாம் என்றாள். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. எல்லோரும் அட்டையில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அவளைத் தனியே அழைத்து, "அந்தக் கடைசி அத்தியாயம் நான் எழுதுனது, ஓவியா" என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்படித்தான் ஆன்ட்டி தோணுது. நல்ல கதைன்னா நாமளே எழுதுன மாதிரி இருக்கும்ல."

வீட்டுக்கு வந்து என் பழைய நோட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதைக் காட்டினாலும் பார்த்து எழுதியது என்பார்கள். அன்று இதழில் வந்த முடிவு வேறு, நான் எழுதிய முடிவு வேறு என்று நிரூபிக்க உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது. கம்பத்துக்கு நனையாமல் வந்த அந்த இதழ். அட்டையில் சசிதரன் சாரின் அக்கா பெயர் பென்சிலில் இருக்கிறது. புதையல் எடுக்கப்போகிறேன் என்று அவர் போட்ட செய்தி பதினாலு பேர் போனிலும் இருக்கிறது. இது எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லாமல் இதை நான் யாரிடமும் காட்ட முடியாது.

மூன்று வாரம் யோசித்தேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. ஒரு மனிதரின் சாவைப் பற்றிய உண்மை வெளியே வரத்தான் வேண்டும். அதனால் இன்று காலை குளித்து, நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். வந்து சொன்னதிலிருந்து மனசு லேசாகப் பறக்கிறது.

சசிதரன் சாரை நான்தான் கொன்றேன். ஏணியை விட்டதும் நான், போன் செய்யாததும் நான். இதில் யாருக்கும் பங்கில்லை. நாற்பத்திரண்டாம் அத்தியாயமும் அப்படியே, அதிலும் யாருக்கும் பங்கில்லை. இதோடு அந்த இதழையும், என் கையெழுத்தில் உள்ள பதினோரு பக்கத்தையும் வைத்திருக்கிறேன். கோர்ட்டுக்கு அனுப்பும்போது பதினோரு பக்கமும் முழுதாகப் போக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் ஒரு ஜெராக்ஸ் கொடுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேடம், காலையிலிருந்து இரண்டு முடிவையும் நீங்கள் படித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். இதழில் உள்ள அந்த ஒன்றேகால் பக்கத்தை மட்டும் இரண்டாவது தடவை புரட்டினீர்கள். உங்களுக்கு எது பிடித்திருக்கிறது? மனசில் பட்டதைச் சொல்லுங்கள், நான் ஒன்றும் தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டேன்.